மனத்தில் கட்டிய கோயில்: அனுக் அருட்பிரகாசம் பற்றி முரளிக்கு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். அதில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். ஓய்வு பெற்ற கையோடு நூலகத்தில் வாசிப்பு வட்டம் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்ததும் சிரித்துக்கொண்டேன். உன்னால் சும்மா இருக்க முடியாது என்பது தெரிந்ததுதானே.

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதும் இலங்கைத் தமிழ் நாவலாசிரியர் அனுக் அருட்பிரகாசத்தை எடுத்திருப்பது துணிச்சல். எதை முதலில் வைப்பது, எந்தப் பகுதியைப் படித்துக் காட்டுவது, பேச்சு எங்கே தடம் புரளும் என்றெல்லாம் கேட்டிருந்தாய். எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாத இடத்தில் திட்டி எழுது.

ஆளைப் பற்றிய அறிமுகத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். 1988இல் கொழும்பில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் படித்து, பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் 2019இல். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2016இல், முதல் நாவலான ‘தி ஸ்டோரி ஆஃப் எ ப்ரீஃப் மேரேஜ்’ அமெரிக்காவில் ஃப்ளாட்டிரான் வெளியீடாகவும் இங்கிலாந்தில் கிராண்டா வெளியீடாகவும் வந்துவிட்டது. அதாவது இரண்டு வேலையும் ஒரே மேசையில் நடந்திருக்கின்றன. அது எழுத்தில் தெரியும். 2017இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசு கிடைத்தது. 25,000 டாலர், டாக்கா இலக்கிய விழாவில் அறிவித்தார்கள். அதே வருடம் டிலன் தாமஸ் பரிசின் குறும்பட்டியலிலும் இருந்தார். இரண்டாவது நாவல் ‘எ பாசேஜ் நார்த்’ 2021இல் வந்து புக்கர் குறும்பட்டியலின் ஆறில் ஒன்றானது. அந்த வருடம் டேமன் கால்கட் வாங்கினார். அடுத்த வருடமே இன்னொரு இலங்கையர், ஷெஹான் கருணாதிலக, புக்கரைத் தட்டிச் சென்றார். விருதுக் கதையை இத்தோடு நிறுத்து. கூடுதலாகச் சொன்னால் கூட்டம் பரிசளிப்பு விழாவாகிவிடும்.

சொல்லியே ஆக வேண்டியது வேறொன்று உண்டு. முதல் நாவல் நடப்பது 2009இல், இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், வடக்கே வன்னியின் கடைசிக் கடற்கரைத் துண்டில். அனுக் வளர்ந்தது கொழும்பில். அவர் அந்தக் கடற்கரையில் இருந்தவர் அல்ல, அதை மறைத்தவரும் அல்ல. இரண்டு புத்தகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் கயிறு இதுதான் என்பது என் கட்சி. தான் இல்லாதிருந்த இடத்தை அங்குலம் அங்குலமாக மனத்தில் கட்டி எழுப்பினார். அது முதல் நாவல். அப்படிக் கட்டுகிறவனின் மனத்தையே எடுத்து ஆராய்ந்தார், அது இரண்டாவது.

முதலில் வைக்க வேண்டியது முதல் நாவலைத்தான். இருநூறு பக்க அளவு; ஒரு பகல், ஓர் இரவு, அவ்வளவுதான் காலம். தினேஷ் என்ற இளைஞன் முகாமில் தனியாக இருக்கிறான். சோமசுந்தரம் என்ற பெரியவர் வந்து தன் மகள் கங்காவைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும், காலம் குறைவு. கல்யாணம் நடக்கிறது. கதை இவ்வளவே. யார் யாரைச் சுட்டார்கள், எந்த ஒப்பந்தம் எப்போது முறிந்தது என்பதெல்லாம் நாவலில் ஏறக்குறைய இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், “வரலாறே இல்லையே சார்” என்று முதல் கேள்வி வரும்.

அதனால் அந்த வரலாற்றை நீயே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடு. முல்லைத்தீவுக் கரையோரம் மாத்தளன், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் ஆகிய மூன்று பெயரும் குறித்த ஒரு வரைபடம். புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடம்தான் மருத்துவமனையாக இயங்கியது என்ற தகவல். நாவலின் தொடக்கக் காட்சியும் பள்ளிக்கூடத்தில் இயங்கும் மருத்துவமனையில்தான். போர் முடிந்தது 2009 மே 18. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. இவ்வளவு போதும். அதற்கு மேல் போனால் ஒன்றரை மணி நேரமும் அரசியல் வழக்காடு மன்றமாகி, நாவல் மேசை மேலேயே கிடக்கும். ஈழ நாவல்களை எடுத்த கூட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கவிழ்கின்றன.

முதல் பக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே ஒரு கால் போன ஆறு வயதுப் பையனைத் தினேஷ் கைகளில் தூக்கிக்கொண்டு வருகிறான். இப்போது வலது கையையும் வெட்டி எடுக்கப்போகிறார்கள், மயக்க மருந்து கிடையாது. அந்தக் காட்சியை உரக்கப் படிக்காதே. அதிர்ச்சி ஒன்று மட்டும்தான் மிஞ்சும்; எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பது யார் காதிலும் ஏறாது. அமைதியான குரல்தான் அங்கே பயங்கரம், அது தனியாகப் படிக்கும்போதுதான் பிடிபடும்.

உரக்கப் படிக்க ஏற்றது, தினேஷ் கிணற்றடியில் குளிக்கும் பகுதி. கல்யாணமாகிவிட்டது, பெண்ணின் பக்கத்தில் இருக்கப்போகிறோம், உடம்பு நாறுகிறதே என்ற வெட்கத்தில் போகிறான். தலைமயிரை வெட்டிக்கொள்கிறான், நகம் வெட்டிக்கொள்கிறான், அழுக்கு திரண்டு வரத் தேய்க்கிறான். வேறொரு நாவலாசிரியர் ஒரு வரியில் ‘குளித்துவிட்டு வந்தான்’ என்று முடித்திருப்பார். இவர் பக்கம் பக்கமாக நிற்கிறார். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவனுக்கு வெட்டி விழும் நகத்துண்டுகூடத் தன்னிலிருந்து பிரிந்து போகிற ஒன்று. அதைச் சொல்ல அவர் ஒரு தத்துவ வாக்கியத்தையும் கடன் வாங்குவதில்லை, கை செய்கிற வேலையைப் பின்தொடர்கிறார். கடற்கரையில் மலம் கழிக்க ஒதுங்கும் இடமும், கங்கா சமைத்த சோற்றையும் பருப்பையும் அவன் மென்று தின்னும் இடமும் இதே கட்டுமானம்தான். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் அந்தக் கடற்கரைக் காட்சியைத் தாண்டி ஓடினால் நாவலின் முதுகெலும்பு போய்விடும்.

அந்த நீளமான வாக்கியங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு பத்தியை எடுத்துப் பென்சிலால் பிரித்துப் பார். பெரும்பாலும் ஓர் உடல் அசைவில் தொடங்கும்: கை நீள்கிறது, கண் திரும்புகிறது. அடுத்து அந்த அசைவுக்கு ஒரு காரணம், கூடவே ஒரு ‘ஒருவேளை’. பிறகு அந்த ஒருவேளையை லேசாக மறுக்கும் இன்னொன்று. அங்கிருந்து மனிதர்கள் பொதுவாக எப்படி என்று ஒரு எட்டு மேலே போகும். கடைசியில் திரும்பவும் அதே கைக்கோ கண்ணுக்கோ வந்து இறங்கும். இறங்கும் இடம் இருப்பதால்தான் வாசகனுக்கு மூச்சு முட்டுவதில்லை. ஹங்கேரிய எழுத்தாளர் பீட்டர் நாதாஷ் தன்னைப் பாதித்தவர் என்று அனுக்கே சொல்லியிருக்கிறார். உடம்பை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அந்த வழியில் வந்தது. இதைப் பார்த்து எழுத முயல்கிறவர்கள் நீளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குமிடத்தை விட்டுவிடுகிறார்கள். உங்கள் வட்டத்தில் எழுதுகிற பிள்ளைகள் இருந்தால் இதைக் காட்டு.

படிக்கும்போது ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஒருவரே படிக்கட்டும்; பத்திக்கு ஒருவராக மாற்றினால் இழை அறுந்துவிடும். நடிப்பு வேண்டாம், செய்தி வாசிக்கும் குரல் போதும்.

நாவலின் குறை என்று எனக்குப் படுவது கங்கா. பார்வை தினேஷின் மண்டைக்குள் பூட்டப்பட்டிருப்பதால், அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவன் ஊகத்தின் வழியாக மட்டுமே நமக்கு வருகிறது. தலைப்பே கல்யாணத்தைப் பற்றியது, அதில் பாதி இருட்டில். அந்தக் கல்யாணமே அப்படிப்பட்டதுதானே என்று பதில் சொல்லலாம். பாதிதான் ஒத்துக்கொள்வேன். இரவில் அடிபட்ட காகம் ஒன்றைத் தினேஷ் பார்த்துக்கொள்ளும் இடம் வருகிறது. அந்தக் காகத்துக்குக் கிடைத்த நெருக்கம் கங்காவுக்குக் கிடைக்கவில்லை. வட்டத்தில் பெண்கள் யாராவது இதை எடுப்பார்கள். எடுத்தால் தடுக்காதே, அன்றைக்கு நல்ல விவாதம் அங்கேதான் பிறக்கும்.

இனி இரண்டாவது. முதல் புத்தகம் இப்படிப் பேசப்பட்ட பிறகு எழுதுகிறவனுக்கு இரண்டு பள்ளம் காத்திருக்கும். அதே போரை இன்னொரு கோணத்தில் எழுதி ‘போர் நாவலாசிரியர்’ என்ற முத்திரையோடு உட்காருவது ஒன்று. அதைத் தவிர்க்க முற்றிலும் வேறெங்கோ தாவுவது மற்றது. அனுக் இரண்டையும் செய்யவில்லை. போர் முடிந்த பிறகு, போரைப் பார்க்காதவனிடம் போனார். கிருஷன் கொழும்புத் தமிழன்; டெல்லியில் ஆய்வுப் படிப்பை விட்டுவிட்டு இலங்கையின் வடகிழக்கில் தொண்டு நிறுவன வேலைக்கு வந்தவன். அப்பம்மாவை, அதாவது அப்பாவின் அம்மாவை, பார்த்துக்கொள்ள வவுனியா மருத்துவமனையிலிருந்து அவன் கூட்டிவந்த ராணி, தன் ஊருக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள் என்று தொலைபேசி வருகிறது. ராணி போரில் இரண்டு மகன்களையும் இழந்தவள். சின்னவன் போனது போர் முடிவதற்கு முந்தைய நாள். இறுதிச் சடங்குக்குக் கிருஷன் ரயிலேறுகிறான். செய்தி, பயணம், எரித்தல் என்று மூன்று பகுதி. முந்நூறு பக்க அளவு. மேற்கோள் குறிக்குள் ஒரு பேச்சுக்கூடக் கிடையாது. யார் பேசினாலும் கிருஷனின் நினைவில் கரைந்துதான் வரும்.

உன் ரயில்வே மூளைக்கு ஒரு தீனி. வவுனியாவுக்கு வடக்கே 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டம்பரில்தான் கிளிநொச்சியைத் திரும்பத் தொட்டது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. பாதையை மறுபடி போட்டது இந்தியாவின் இர்கான் நிறுவனம், இந்தியக் கடனுதவியில். ஆகவே கிருஷன் சன்னலோரம் உட்கார்ந்து வடக்கே போகிற காட்சி ஏதோ காலங்காலமாக நடந்துவரும் பயணம் அல்ல. ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போய், அப்போதுதான் திரும்பி வந்தது. நாவல் இதற்கு முரசு அறையவில்லை. தெரிந்து படித்தால் பகுதியின் கனமே வேறு.

இந்த நாவலில் நம் ஊர்க்காரர்கள் துள்ளி எழும் இடம் பூசலார். ஆமாம், பெரியபுராணத்துப் பூசலார் நாயனாரேதான். போரின் கடைசி மாதங்களின் படங்களையும் காணொளிகளையும் டெல்லி அறையில் உட்கார்ந்து தேடித் தேடிப் பார்த்து, இறந்தவர்களுக்கு மனத்துக்குள் ஓர் இடம் கட்டிக்கொண்டிருக்கும் கிருஷனுக்கு அந்தக் கதை நினைவுக்கு வருகிறது. கல்லும் காசும் கிடைக்காத ஏழை பக்தர் மனத்தாலேயே சிவனுக்குக் கோயில் கட்டுகிறார். காஞ்சியில் உண்மையாகக் கட்டி முடித்த அரசனின் கனவில் இறைவன் வந்து, உன் குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள், நாளைக்கு நான் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன் என்கிறார்.

கூட்டத்துக்கு முன்பு பெரியபுராணத்தில் அந்தப் பாடல்களை எடுத்து வைத்துக்கொள். சில பாடல்கள்தான். சேக்கிழார் என்ன செய்கிறார் பார்: உபானம் என்ற அடித்தளம் முதல் அடுக்கடுக்காக எழுப்பி, சிகரத்தின் அளவை முழக்கணக்கில் பிடித்து, தூபி நட்டு, சுதை பூசி, கிணறு வெட்டி, சுற்றி மதில் போக்கி, குளமும் தோண்டுகிறார். மனக்கோயிலுக்குக் கிணறு எதற்கு, மதில் எதற்கு? மனத்தில் கட்டுவதால்தான் ஒன்றும் குறையக் கூடாது. பூசலார் இரவில் தூங்காமல் வேலை பார்த்ததையும் சேக்கிழார் விடவில்லை. முதல் நாவலில் நகம் வெட்டுவதற்குப் பக்கங்கள் ஒதுக்கியவர் இந்தக் கதையிடம் ஏன் வந்தார் என்பதை இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. பூசலாரின் ஊரான திருநின்றவூர் சென்னைப் புறநகர் ரயிலில் போய்வரும் தூரம்தான். அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இப்போது கல்லாகவே நிற்கிறது. இதை யாராவது கட்டாயம் சொல்வார்கள், சொல்லட்டும்.

பூசலார் தவிர, மேகத்தைத் தூது விடும் காளிதாசனின் யட்சனும், அசுவகோசரின் புத்தர் வரலாறும் வருகின்றன. ஈழப் போராளித் தலைவர்களில் ஒருவரான குட்டிமணியும் வருகிறார். இவரைப் பற்றி இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு வரி சொல். 1982இல் மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, தன் கண்களைப் பார்வையற்றவர் ஒருவருக்குக் கொடுங்கள், அவற்றின் வழியே தமிழீழத்தைப் பார்ப்பேன் என்றார். 1983 ஜூலை 25இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 25, 27 ஆகிய இரண்டு நாள் தாக்குதலிலும் சேர்த்து இறந்த தமிழ்க் கைதிகள் 53 பேர். நாவலில் இந்தக் கதைகள் அலங்காரமாக வரவில்லை. உரையாடல் இல்லை, நிகழ்ச்சி குறைவு. வாக்கியம் மேலே போய் இறங்க முதல் நாவலில் உடம்பு இருந்தது, இங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவனின் நினைவு மட்டும்தான். அந்தரத்தில் தொங்காமல் இருக்க இந்தப் பழைய கதைகள் தூண்களாக நிற்கின்றன.

தூண் இல்லாத இடத்தில் கூரை தொய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சும் என்ற பெண்ணோடு கிருஷனுக்கு டெல்லியில் இருந்த உறவு, அவர்கள் ரயிலில் போனது, ஆசை என்றால் என்ன என்ற நீண்ட யோசனை: இங்கேதான் பாதிப் பேர் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். வாக்கியம் மேலே போகிறது, இறங்க ஒரு கையும் இல்லை. அஞ்சும் ஓர் ஆளாகத் திரளாமல் கிருஷனின் ஏக்கமாகவே நின்றுவிடுகிறாள். கங்காவுக்கு நேர்ந்த அதே கதி. ராணியும் அப்பம்மாவும் அப்படியில்லை. அப்பம்மாவுக்குக் காது மந்தம், முதுமை, வீம்பு. ராணிக்கு மின்னதிர்ச்சி சிகிச்சைக்குப் பிந்தைய மறதியும் மௌனமும். இருவரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் பக்கங்கள் இந்த நாவலின் மிகச் சிறந்தவை. படித்துக் காட்டுவதானால் அவற்றிலிருந்து நாலு பக்கமும், பூசலார் பகுதியும் போதும். திணறுகிறவர்களிடம், டெல்லிப் பகுதியை ஒரே இரவில் விறுவிறுவென்று கடந்து, இறுதிப் பகுதியை மெதுவாகப் படிக்கச் சொல். எரியூட்டும் இடம் வரை போனவர்கள் திரும்பி வந்து டெல்லியை மன்னித்துவிடுவார்கள்.

இன்னொரு சண்டை நிச்சயம் வரும்: ஆங்கிலத்தில் எழுதியதால்தானே இவ்வளவு கவனம், தமிழில் இதே போரை அனுபவித்தே எழுதியவர்களை யார் கண்டார்கள் என்று. கேள்வியில் நியாயம் இருக்கிறது, மூடி மறைக்காதே. ஈழ எழுத்தாளர் சயந்தனின் ‘ஆதிரை’ நாவல் பல பத்தாண்டுகளையும் பல குடும்பங்களையும் சுமந்துகொண்டு முள்ளிவாய்க்கால் வரை வருகிறது. அனுக் ஒரே நாளை எடுத்துக்கொண்டார். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. கவனத்தின் அரசியலைப் பேசிவிட்டு, அடுத்த மாதம் ‘ஆதிரை’யை எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்துவிட்டால் சண்டை பயனுள்ளதாக முடியும்.

நடைமுறை விஷயம் ஒன்று. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஆறு வாரமாவது விடு. இவருடைய வாக்கியத்தை ஒரு நாளில் முப்பது பக்கத்துக்கு மேல் யாராலும் ஒழுங்காகப் படிக்க முடியாது. வேகமாகப் படிக்கிறவர்கள்தான் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று வந்து நிற்பார்கள். ஆங்கிலம் சிரமப்படுகிறவர்களுக்கு நாவலின் ஓட்டத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடு, ஆனால் முதல் நாவலின் முடிவை அதில் எழுதிவிடாதே.

முதல் கூட்டம் முடிந்ததும் ஒரு வேலை செய். முடிக்காதவர்களிடம் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்டுக் குறித்து அனுப்பு. கடற்கரையிலா, கிணற்றடியிலா, காகத்திடமா என்று எனக்குத் தெரிய வேண்டும். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சந்திரன்